குதிரை ஆகாதவள்

ஜிபார் அக்காவின் தொடையில் அந்தக் கறுப்புத் தடத்தை முதலில் பார்த்தது நான்தான். மார்ச் மாதம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வெந்நீர்க் குளியலறையில் ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கை அகலம் இருக்கும், நடுவில் கறுத்து, ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, அந்தப் புள்ளிக் குதிரை உதைத்திருக்கும் என்றாள். எப்போது உதைத்தது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வீங்கினாலும் பழி ஏதாவது ஒரு குதிரைமேல்தான் விழும். நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் முழங்கையில் ஒன்று. அதற்கடுத்து வயிற்றில். அவள் கணவர், என் மூத்தார், அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புள்ளிக் குதிரையைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தார். நல்ல பால் குதிரை. மனைவியை உதைக்கிற குதிரை தனக்கு வேண்டாம் என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். குதிரை போய்ப் பத்து நாளில் அக்காவின் முதுகில் இரண்டு புதிய தடங்கள் வந்தன. அப்போதுதான் எல்லோரும் குழம்ப ஆரம்பித்தோம்.

அவள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. நாற்பத்தேழு வயது. மகன் ரஷ்யாவில் வேலை செய்கிறான். கிர்கிஸ் மலையூரான அட்-பாஷியில் ஒரே முற்றத்தில் எங்கள் இரண்டு வீடும் இருக்கின்றன. கோடையில் மேலே மேய்ச்சலுக்குப் போனால் ஒரே கூடாரம்தான். மூத்தாரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எங்கள் பக்கத்து மருமகள் எவளும் சொல்ல மாட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூடச் சீட்டில் எழுதித்தான் காட்டினேன். இங்கேயும் அவர் மூத்தாராகவே இருக்கட்டும்.

ஏப்ரலில் அக்காவுக்குப் பல் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. மாவு பிசையும்போது மூச்சு வாங்கியது. தூரம் வந்தால் பத்து நாள் ஆகியும் நிற்கவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் வாளியோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊர் மருத்துவமனையில் பார்த்து பக்கத்து நகரமான நாரினுக்கு அனுப்பினார்கள், நாரினில் பார்த்துத் தலைநகர் பிஷ்கேக்குக்கு அனுப்பினார்கள். வீட்டில் கைக்குழந்தை இல்லாதவள் நான்தான் என்பதால் கூட நான் போனேன்.

பிஷ்கேக்கில் எங்களுக்கு வாய்த்த டாக்டர் வெனேரா அசானோவ்னா ஐம்பது தாண்டியவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவார். அவர்தான் இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளேயிருப்பதை எடுத்துப் பார்த்தார். ரத்தம் ஊறுகிற இடம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை, அது காலியாகிவிட்டது, வெறும் கொழுப்புதான் மிச்சம் என்றார்.

மூத்தாரின் முகம் தெளிந்துவிட்டது. விருந்தில் மஜ்ஜை எலும்பை மரியாதைக்குரியவருக்குத்தான் வைப்போம், கொழுத்திருந்தால் அன்றைக்குப் பேச்சே அதுதான்.

"கொழுப்பா இருந்தா நல்லதுதானே டாக்டரம்மா?"

"ஆட்டுக்கு நல்லதுங்க. உங்க வீட்டம்மாவுக்கு நல்லதில்ல."

பிறகு டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். உடம்புக்குக் காவலாக இருக்கிற அணுக்கள் உண்டு. அதுகளே புத்தி பிசகி மஜ்ஜையை அடிக்கின்றன. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அதனால் காவலை அடக்க மருந்து கொடுக்கவேண்டும். மூத்தார் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்போ காவல் நாயே ஆட்டைக் கடிக்குதுங்கறீங்க."

"ஆமா. கிட்டத்தட்ட அப்படித்தான்."

"கடிக்கற நாயைச் சுட்டுருவோம் நாங்க."

"சுடக்கூடாது. கட்டிப் போடணும்."

"கட்டிப் போட்டா ஓநாய் வருமே?"

"வரும். அதுக்குத்தான் தனி ரூம், முகமூடி, யாரும் பார்க்க வரக்கூடாதுங்கறது எல்லாம்."

எனக்குப் பாதி புரிந்தது. ரத்தம் குறைந்தவளுக்கு ரத்தம் ஏற்றுவது புரிந்தது. பலம் குறைந்தவளின் பலத்தை இன்னும் குறைப்பது புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். அவள் போர்வை நூலை நிமிண்டிக்கொண்டே, "எனக்கு மட்டும் என்ன புரிஞ்சுது? படுன்னாங்க படுத்தேன்" என்றாள்.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு டொக்மோக்கில் இருக்கும் அவள் தம்பியை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். பொருந்தவில்லை. ஆக இருப்பது காவலை அடக்குகிற இந்த வழி ஒன்றுதான், செய்யாமல் விட்டால் இலையுதிர் காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் மூத்தாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மூத்தார் வந்து என்னிடம் சொன்னார். நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மருந்து எதிலிருந்து வருகிறது என்று தெரிந்த நாள்தான் மூத்தார் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். மனிதனின் காவல் அணுவைக் குதிரைக்கு ஊசி போட்டு, அது எதிர்த்து உண்டாக்குவதை அதன் ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்துச் செய்கிற மருந்தாம். குதிரை மருந்து. வெளிநாட்டிலிருந்து வந்து, அக்கா பேர் எழுதி, குளிர்பெட்டியில் காத்திருக்கிறது.

"என்ன நிறக் குதிரைங்க?" என்று கேட்டார் மூத்தார்.

டாக்டர் தலையில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவரை ஒரு முறை பார்த்தார். "பெட்டியில எழுதலையே" என்றார்.

அன்று சாயந்தரத்துக்குள் அட்-பாஷி முழுக்கத் தெரிந்துவிட்டது. வேறென்ன காப்பாற்றும், குதிரைதான் காப்பாற்றும் என்று ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னார்கள். என் மாமனார் வழிப் பெரியவர் ஒருவர், அது கட்டாயம் பெட்டைக் குதிரையாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். பழைய நோய், பழைய ஊசி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். மூத்தார் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார்.

"குதிரை ஒத்துக்குமா? கிட்டப் போனா தும்மல், தடிப்பு, மூச்சுத் திணறல் ஏதாவது உண்டா?"

மூத்தார் வாய்விட்டுச் சிரித்தார். "டாக்டரம்மா, நீங்களும் கிர்கிஸ் இனம்தானே? குதிரை ஒத்துக்காத கிர்கிஸை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். அவங்களையே சொல்லவிடுங்க."

அக்கா மூத்தாரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "இல்லைங்க" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.

அக்கா டொக்மோக்குக்காரி. அவள் அப்பா கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலையில் லாரி ஓட்டினார். இருபத்தொரு வயதில் மருமகளாக வரும்வரை அவள் குதிரையைத் தொட்டதில்லை. வந்த முதல் வாரம் குதிரை ஏற்றி மேய்ச்சலுக்குக் கூட்டிப்போனபோது முகம் பானை மாதிரி வீங்கியதாம். கண் பட்டுவிட்டது என்று மாமியார் ஜூனிபர் செடியின் இலையைக் கொளுத்திப் புகை போட்டார். புகையால் கண் எரிந்ததா, கண்ணீர் வேறெதனாலாவது வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு இருபத்தாறு கோடைகள் அவள் பால் கறந்தாள். குதிரைப் பாலை இரண்டு மணிக்கொரு தரம் கறக்கவேண்டும். ஒரு முழங்காலை ஊன்றி, தொடைமேல் வாளியை நிறுத்தி, குதிரையின் பின்னங்காலைக் கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு கறக்கவேண்டும். கன்னம் அதன் விலாவில் படும். அக்கா தலைத்துணியை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்வாள். சட்டைக் கையை மணிக்கட்டில் கயிற்றால் இறுக்குவாள். பெரியவர்கள் முன்னால் முகத்தைக் காட்டாத அடக்கமான மருமகள் என்று மேய்ச்சல் முழுக்க அவளுக்குப் பேர். நான் கல்யாணமாகி வந்தபோது, ஜிபாரைப் பார்த்துக் கத்துக்கோ என்று எனக்கு அவளைத்தான் காட்டினார்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கறந்தவள். கயிற்றை அவிழ்க்கும்போது மணிக்கட்டில் தடிப்புத் தடிப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காஞ்சொறி பட்டுவிட்டது என்பாள். குதிரைக் கொட்டகையைக் கூட்டிவிட்டு வந்தால் இருபது தும்மல் தும்முவாள். வைக்கோல் தூசி என்பாள். செப்டம்பரில் கீழே இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். தண்ணீர் மாற்றம் என்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற அறைக்கு அவள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"ஏன்க்கா இல்லைன்னே?"

"என்ன இல்லைன்னேன்?"

"எனக்கு முன்னாடியே நடிக்காதே. அந்தக் கயிறு, தலைத்துணி."

அவள் குழாயைத் திறந்து மூடினாள். "அது வைக்கோலா குதிரையான்னு எனக்கே தெரியாது அனார். வைக்கோல் இருக்கற இடத்துலதானே குதிரை இருக்கு? குதிரை இருக்கற இடத்துலதான் வைக்கோலும் இருக்கு. நான் எதைன்னு சொல்றது?"

"ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லு. அவங்க பிரிச்சுப் பார்ப்பாங்க."

"சொன்னா மருந்தைத் திருப்பி அனுப்பிருவாங்க. வேற மருந்து இருக்கோ இல்லையோ. சொல்லாட்டி ஒருவேளை ஒண்ணும் ஆகாது. இருபத்தாறு வருஷம் கட்டிப்பிடிச்சுக் கறந்திருக்கேன், செத்தா போயிட்டேன்?"

"அது வெளியில இருந்த குதிரை. இது ரத்தத்துக்குள்ள போற குதிரை."

"நீ வாயை மூடிக்கிட்டு இரு. அவர் ஊரெல்லாம் சொல்லியாச்சு."

கடைசியில் சொன்னதுதான் உண்மையான காரணமா, மருந்து போய்விடும் என்ற பயம்தான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் அவளுக்கு மருந்து இல்லாமல் போகலாம். சொல்லாவிட்டால் மருந்தே அவளைக் கொன்றுவிடலாம். இந்த இரண்டில் எதைச் செய்தால் நான் நல்ல ஓரகத்தி என்று யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலை சோதனை ஊசி. முன்கையில் இரண்டு இடத்தில் தோலுக்கடியில் துளித்துளியாக ஏற்றினார்கள். ஒன்று வெறும் உப்புத்தண்ணீர், ஒன்று குதிரை மருந்தில் சொட்டு. நர்ஸ் நீலப் பேனாவால் இரண்டையும் சுற்றி வட்டம் போட்டு, சொறியக்கூடாது, இருபது நிமிடத்தில் வருகிறேன் என்று போனாள். அதற்குள் எதிர் அறையில் ஒருவருக்கு வாந்தி. அவள் அங்கே ஓடிவிட்டாள்.

உப்புத்தண்ணீர் வட்டம் அப்படியே இருந்தது. மற்றது முதலில் சிவந்தது. பிறகு கொசுக்கடி போல எழும்பியது. பிறகு நீல வட்டத்தைத் தாண்டியது. ஓரத்தில் கால் காலாக முளைத்துப் பரவ ஆரம்பித்ததும் அக்கா நைட்டிக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். கயிறு இருந்தால் கட்டியிருப்பாள்.

நர்ஸ் வாசலில் இருந்தபடியே தலையை நீட்டி, ஏதாவது அரிக்கிறதா என்று கேட்டாள். எதிர் அறையில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாருக்கேன்" என்றாள் அக்கா.

மூத்தார் கையில் ஆப்பிள்களோடு நர்ஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துத் துணியை மேலே தள்ளினேன். இழுத்த இடத்தில் என் விரல் பதிந்து, அதுவும் சாயந்தரத்துக்குள் கறுத்துவிட்டது.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். அக்காவுக்கு ஏதோ ஊசி போட்டார்கள். பிறகு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேற்றுக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அக்கா இந்த முறை மூத்தாரைப் பார்க்கவில்லை. முகம் வீங்கிய முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர், தலைத்துணி விஷயம் வந்ததும் எழுதுவதை நிறுத்தினார்.

"இதை நாளைக்கு மருந்து ஏத்தும்போது கண்டுபிடிச்சிருந்தா நம்ம பேச்சு வேற மாதிரி இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மூத்தாருக்குத்தான் ஏறவில்லை. அது வெளிநாட்டுக் குதிரை, தொழுவத்திலேயே கட்டித் தீனி போட்டு வளர்த்திருப்பார்கள், நம் குதிரை மலைப்புல் தின்கிறது, வேண்டுமானால் நம் குதிரையின் ரத்தத்தைக் கொண்டுவருகிறேன், அதை வைத்துச் சோதியுங்கள் என்று டாக்டரிடம் வாதாடினார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. குதிரை குதிரைதான் ஐயா என்றார். மூத்தார் ஆப்பிள்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் அறைக்குள் வரவில்லை. கீழே வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் நடைவழியில் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது எதிரே வந்து நின்றார்.

"இருபத்தாறு வருஷம்" என்றார்.

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எப்படிக் கேக்கறது? இதையெல்லாம் கேக்கணும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. நகருங்க, ரத்தம் எடுக்க நேரமாகுது."

இன்னொரு மருந்து இருந்தது. அதே வேலையைச் செய்வதுதான், ஆனால் முயலிலிருந்து எடுத்தது. முதல் சிகிச்சைக்குக் குதிரை மருந்து அளவுக்குப் பலன் தராமல் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். வரவழைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அக்காவைப் பிறர் ரத்தம்தான் தாங்கியது. ஒன்றரை லட்சம் இருக்கவேண்டிய பிளேட்லெட் அவளுக்கு ஏழாயிரம். பல் தேய்க்கத் தடை, செருப்பில்லாமல் நடக்கத் தடை. அட்-பாஷியிலிருந்து மூத்தாரின் ஆட்கள் ஒன்பது பேர் ஒரு வேனில் ரத்தம் கொடுக்க வந்தார்கள். வரும்போது ஆளுக்கொரு புட்டி கிமிஸ் கொண்டுவந்தார்கள். புளிக்க வைத்த குதிரைப்பால் குடித்தால் ரத்தம் ஊறும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. காய்ச்சாத பால், கிருமி இருக்கும், வாசம்கூடப் படக்கூடாது என்று நர்ஸ் புட்டிகளை வாங்கி வெளியே வைத்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு அவர்களே அதை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்களிடம் மூத்தார் முயலைப் பற்றி மூச்சு விடவில்லை. குதிரை மருந்து எப்படிப் போகிறது என்று கேட்டவர்களுக்கு, போகிறது என்றார். முயலை எங்கள் பக்கம் வேட்டை நாயைப் பழக்கத்தான் பிடிப்பார்கள்.

ஜூன் கடைசியில் கழுத்து நரம்பில் குழாய் வைத்து ஐந்து நாள் ஏற்றினார்கள். முதல் நாள் குளிர் நடுக்கத்தில் கட்டில் சத்தம் போட்டது. பத்தாம் நாள் மூட்டு மூட்டாக வலி, காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு. முயலும் ஆகவில்லை என்று நான் டாக்டரிடம் ஓடினேன். இது வேறு, இது எதிர்பார்த்ததுதான், போய்விடும் என்றார் டாக்டர். குதிரைக்குத் தடித்தால் ஆகாது, முயலுக்குச் சிவந்தால் எதிர்பார்த்தது. எது கெட்ட அறிகுறி எது சரியான அறிகுறி என்று கண்டுபிடிக்க முடியாமல், நான் அவள் கால்விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் போகத்தான் செய்தது.

ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைப் பை ஒன்று கொடுத்தார்கள். காலையும் மாலையும் கடிகாரம் பார்த்து விழுங்கவேண்டும். அதில் ஒன்று காவலை அடக்கியே வைத்திருக்கும் மாத்திரை. அது கையை நடுங்க வைத்தது. ஈறு தடித்தது. அக்டோபரில் அக்காவின் கன்னத்திலும் மேலுதட்டிலும் முடி முளைக்க ஆரம்பித்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "முயலுக்கு மீசை உண்டுல்ல?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவளும் சிரித்தாள்.

வாசலில் மூத்தார் காவல் நின்றார். நலம் விசாரிக்க வருகிறவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, அங்கேயே ரொட்டியைக் கொடுத்து ஒரு வாய் பிட்டுக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பினார். எங்கள் ஊரில் இது அடித்துத் துரத்துவதற்குச் சமம். நான்கு குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது. அவர் குதிரையிடமிருந்து வந்தால் கொட்டகையிலேயே சட்டை மாற்றி, முகம் கழுவி, பிறகுதான் வீட்டுக்குள் வருவார். யாரும் சொல்லவில்லை. அது சரியா, போதுமா என்று அவருக்கும் தெரியாது. கதவருகே நின்று, "வரலாமா?" என்று தன் வீட்டுக்குள் வரவே அனுமதி கேட்பார். அக்காவுக்குத் தும்மல் வந்தால் போய் இன்னொரு முறை கழுவிக்கொண்டு வருவார்.

மருந்து பிடித்ததா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கொருமுறை நாரினில் ரத்தம் கொடுத்து, எண்களை டாக்டருக்குப் போனில் படித்துக் காட்டவேண்டும். பிளேட்லெட் ஒன்பதாயிரம், பிறகு பதினான்கு, பிறகு எட்டு. எட்டு வந்த அன்று மூத்தார் சாப்பிடவில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார்: மூன்று மாதம், நான்கு மாதம், சிலருக்கு ஆறு, இன்னும் சொல்ல முடியாது. நவம்பரில் இருபத்திரண்டு. அக்காவுக்குக் கடைசியாக ரத்தம் ஏற்றி ஐந்து வாரம் ஆகிவிட்டது என்பதை நாட்காட்டியைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் போல இருந்தது.

டிசம்பர் இரண்டாவது வாரம் நாற்பத்தொன்று. கடைசியாக ரத்தம் ஏற்றி எட்டு வாரம் ஆகியிருந்தது. மூத்தார் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்போ மருந்து பிடிச்சிருச்சா டாக்டரம்மா?"

"பாதி பிடிச்சிருக்குன்னு சொல்லலாம். மாத்திரையை நிறுத்தக்கூடாது. மறுபடி இறங்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா இப்போதைக்கு நல்ல செய்திதான்."

போனை வைத்துவிட்டு அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நோயாளி பிழைத்தால் ஆடு அறுத்துச் சுற்றத்தைக் கூப்பிடவேண்டும். அறுக்காவிட்டால் நன்றிகெட்டதனம். பிழைக்காமல் அறுத்தால் அபசகுனம்.

"பாதிக்கு என்ன செய்யறது? பாதி ஆட்டை எப்படி அறுக்கறது?"

"முழுசா அறுங்க" என்றாள் அக்கா. "மீதி வந்தா அப்போ இன்னொண்ணு அறுப்போம்."

டாக்டர் போட்ட நிபந்தனைப்படி பதினைந்து பேர் மட்டும். அவர்கள் பெரிய அறையில், அக்கா உள்ளறை ஜன்னலோரம், முகமூடியோடு. நடுவில் கதவு திறந்திருந்தது. பேசாமல் போன நான்கு குடும்பத்தையும் முதலில் கூப்பிட்டோம். கறி நன்றாக வெந்திருந்தது. மஜ்ஜை எலும்பை ஒருவர் தட்டில் தட்டி உள்ளேயிருந்ததை வழித்தெடுத்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பெரியவர், அந்தப் பெட்டைக் குதிரைக்காரர், கையேந்தி வாழ்த்த ஆரம்பித்தார். குதிரை நம் கால், குதிரை நம் பால், இன்று நம் மருமகளின் ரத்தமும் குதிரைதான் என்று நீட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மூத்தார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே, விருந்துக்கு வந்தவர்களின் குதிரைகளுக்கு இடம் விட்டு, எங்கள் செம்பட்டைக் குதிரையை உள்ளறை ஜன்னலுக்கு எதிரே இருந்த கம்பத்தில் யாரோ கட்டியிருந்தார்கள். அக்கா மூன்று முறை தும்மினாள்.

"குதிரை இல்ல பெரியவரே" என்றாள் உள்ளேயிருந்து. "முயல்."

பெரியவர் கையை இறக்கவில்லை, தூக்கவும் இல்லை. "என்ன முயல்?"

"மருந்து முயலோடது. குதிரை எனக்கு ஆகாது. வந்த நாள்லேர்ந்து ஆகாது." பிறகு குரலை மாற்றாமலே, "ஏங்க, அந்தக் குதிரையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன்" என்றாள்.

பதினைந்து பேரும் மூத்தாரைப் பார்த்தார்கள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தொப்பிகூடப் போடாமல் வெளியே போனார். நான் அக்காவின் ஜன்னலருகே போய் நின்றேன். அவர் கயிற்றை அவிழ்த்துக் குதிரையைப் பனியில் பத்தடி நடத்திச் சென்று, நின்று, திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, இன்னும் என்று கையை ஆட்டினாள். கொட்டகை வரை போய் நின்றார். இன்னும். வேலி வரை. எவ்வளவு தூரம் போதும் என்று டாக்டர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வேலிக் கதவைத் திறந்து, எதற்கென்று புரியாமல் இழுக்கிற குதிரையோடு ஆற்றுப் பக்கம் நடந்தார்.